சோப்பு நுரைக்கிற ஊர் எது?

போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். "ஏனுங்ண்ணா, அரைப் பரீட்சை லீவுக்கு ரெண்டு நாள் ரூம் போடலாம்னு இருக்கறம். கோயமுத்தூரா, ஈரோடா? நீங்கதான் ரெண்டு ஊர்லயும் மாத்தி மாத்தித் தங்கறீங்களே."

கோயமுத்தூர் என்று பட்டென்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அதே லீவுக்கு நான் ஈரோட்டில் முன்பணம் கட்டியிருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவனுக்கு ஒரு ஊரையும் எனக்கு ஒரு ஊரையும் ஏன் வைத்துக்கொண்டேன் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்ததில் வந்தது இது.

நாங்கள் திருப்பூர். அந்தப் பக்கம் ஐம்பது கிலோமீட்டரில் கோவை, இந்தப் பக்கம் ஏறக்குறைய அதே தூரத்தில் ஈரோடு. ரயில் ஏறினால் எதற்கும் ஒரு மணி நேரம்தான். 2019ல் முதல் தடவை கிளம்பியபோது, பக்கத்து ஊரில் காசு கொடுத்துப் படுத்துவிட்டு வருவதற்கு என்ன வந்தது என்று அம்மா கேட்டார். என் மனைவியின் கணக்கு வேறு. ஊட்டி என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்தே வண்டி நகராது, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. இரண்டு நாள் அடுப்பங்கரைக்குள் கால் வைக்காமல் இருப்பதற்கு மலை எதற்கு? கொரோனா காலத்தை விட்டுவிட்டால் கோவையில் ஐந்து தடவை, ஈரோட்டில் நாலு தடவை. கோவையில் அவிநாசி ரோட்டில் ஒரே ஹோட்டல், ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில் ஒரே ஹோட்டல். இரண்டின் பெயரும் வேண்டாம். மெத்தை, டிவி, வைஃபை பற்றியும் எழுதப்போவதில்லை. இன்றைக்கு நாலாயிரம் ரூபாய் வாடகையில் அதெல்லாம் எங்கேயும் ஒன்றுதான். நான் பார்ப்பது குளிக்கிற தண்ணீரை மட்டும்.

சிரிக்காதீர்கள். சாயப்பட்டறை லேபில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மெஷினுக்குள் போகிற தண்ணீரில் ஹார்ட்னஸ், அதாவது கால்சியமும் மக்னீசியமும், ஏறினால் துணியில் சாயம் திட்டுத்திட்டாக விழும், அந்த லாட் திரும்பி வரும், என் பேர் ரிப்பேர் ஆகும். வீட்டிலோ ஆயிரம் அடி போர். வாங்கி மூன்றே மாதமான பக்கெட்டில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும். ஷாம்பு போட்டால் நுரைக்காது, மகளின் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். ஹோட்டலில் காசு கொடுத்துத் தங்குவதே தலைக்கு நல்ல தண்ணீர் ஊற்றத்தான் என்று அவள் ஆறாம் வகுப்பில் சொன்னாள். அதிலிருந்து டெஸ்ட் கிட் என் பையில் போகிறது.

சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, பஃபர் விட்டு, ஒரு சிட்டிகை பொடி போட வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி சிவக்கும். அப்புறம் இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் சடாரென்று நீலமாகும். என் கிட்டில் ஒரு சொட்டுக்கு 25 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 25 மில்லிகிராம். குடிநீருக்கே இந்தியத் தரத்தில் 200 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றுதான் இருக்கிறது. ரூமுக்குள் போனதும் மனைவி ஏசியைப் போடுவாள், மகள் ஜன்னலைத் திறப்பாள், நான் பாத்ரூமில் குப்பியோடு நிற்பேன்.

கோவை ஹோட்டலில் முதல் தடவை இரண்டாவது சொட்டிலேயே நீலம். ஐம்பது! அது எங்கள் மெஷினுக்குள்ளேயே விடலாம் என்கிற தண்ணீர். மகள் தலையில் போட்ட ஷாம்பு நுரை ஷவர் கண்ணாடி வரைக்கும் பொங்கியது.

சிறுவாணித் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கோவைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சிறுவாணியைச் சொல்வார்கள், உலகத்திலேயே இரண்டாவது சுவை என்று நம்மிடமே சத்தியம் செய்வார்கள். (அதில் பாதி பெருமை, பாதி உண்மை. குடித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.) ஆனால் நூறு ரூம் உள்ள ஹோட்டல் மாநகராட்சிக் குழாயை நம்பி எல்லோரையும் குளிக்க வைக்க முடியாது. அடியில் போர்தான். அதை ஒரு சாஃப்ட்னர் வழியாக விடுகிறார்கள். உள்ளே ரெசின் மணிகள் இருக்கும். அவை தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். எங்கள் பட்டறையில் இதை ரீஜென் போடுவது என்போம். ஒழுங்காக ரீஜென் போடுகிற ஹோட்டல் நல்ல ஹோட்டல். என் அகராதியில் நட்சத்திரம் என்றால் அதுதான்.

அந்தக் கணக்கில் கோவைக்கு மூன்று தடவை முழு மார்க். காலையில் பந்தயச் சாலை நடைபாதையில் ஒரு சுற்று, திரும்பும் வழியில் அன்னபூர்ணாவில் சாம்பாரில் மிதக்கிற இட்லி, சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான். வனக்கல்லூரிப் பக்கம் காஸ் மியூசியம் என்று ஒரு வன அருங்காட்சியகம் இருக்கிறது, நூறு வருஷத்துக்கு மேல் பழையது. அங்கே மகள் ஒரு மணி நேரம் நின்றாள். மேம்பால வேலை நடந்த வருஷங்களில் அவிநாசி ரோட்டில் ஹோட்டலுக்குள் வண்டியைத் திருப்பவே அரை மணி ஆகும். 2025 அக்டோபரில் பத்து கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு அந்தக் குறையும் இல்லை. எல்லாம் சரி.

ஐந்தில் மூன்று தடவைதான் இப்படி. மீதி இரண்டும் முகூர்த்த நாள்.

அந்த ஹோட்டலுக்குள்ளேயே ஒரு மண்டபம் இருக்கிறது. கொங்குக் கல்யாணம் ஒரு வேளையில் முடிகிற காரியமா? முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, ராத்திரியெல்லாம் சீர், விடிகாலையில் முகூர்த்தம். சத்தம்கூடப் பழகிவிடும். நாதஸ்வரத்துக்குத் தூக்கம் கெட்டால் புண்ணியம் என்று விட்டுவிடலாம். 2023 ஆவணியில் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. காலை ஏழு மணிக்கு மகள் தலையில் ஷாம்புவோடு பாத்ரூமிலிருந்து கத்துகிறாள், "அப்பா, வீட்டுத் தண்ணி!"

குப்பியை எடுத்தேன். பத்து சொட்டு, சிவப்பு. பதினைந்து, சிவப்பு. பதினெட்டில் நீலம். 450.

மேனேஜர் ஒரு பேனா மாதிரிக் கருவியோடு மேலே வந்தார். "சார், டிடிஎஸ் பாருங்க, 500க்குள்ளதான் காட்டுது. குடிக்கறதுக்கே லிமிட் 500 சார்." டிடிஎஸ் என்பது கரைந்திருக்கிற மொத்த உப்பு, சாஃப்ட்னர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது பெரிதாக மாறாது, ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பைக் கொடுக்கிறது, அவ்வளவுதான், நீங்கள் பார்க்க வேண்டியது ஹார்ட்னஸ் என்று பொறுமையாகச் சொன்னேன். உண்மையில் பொறுமையாகச் சொல்லவில்லை என்று மனைவி சொல்கிறாள். "நூறு ரூம் ஃபுல்லு சார், நீங்க ஒருத்தர்தான் கம்ப்ளெயின்ட்" என்றார் அவர். எனக்கு அங்கேதான் ஏறியது. தண்ணீர் கெட்டது பரவாயில்லை, கெடவில்லை என்று அந்தப் பேனாவைக் காட்டி என்னிடம் சொன்னாரே.

கீழே பம்ப் ரூமில் ஒரு பெரியவர் இருந்தார். உண்மையை அவர்தான் சொன்னார். "முகூர்த்தமுங்க தம்பி. ராத்திரி ரீஜென் போடோணும், அதுக்கு ஒரு மணி நேரம் லைனை நிறுத்தோணும். நாலரை மணிக்கு எல்லா ரூம்லயும் ஷவர் ஓடுது. எங்கீங்க நிறுத்தறது?" நியாயமான பேச்சு. இரண்டு டேங்க் வைத்து மாற்றி மாற்றி ஓட்டலாம். எங்கள் பட்டறையில் அப்படித்தான். அதற்கு முதலாளி மனசு வைக்க வேண்டும், பெரியவர் என்ன செய்வார்? அடுத்த வருஷம் வைகாசியில் மறுபடி போனோம், மறுபடி கல்யாணம், மறுபடி அதே பேனா.

இதை எழுதுகிறபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு உறுத்தும். உப்புத் தண்ணீரைப் பற்றிக் குறை சொல்ல சாயக்காரனுக்கு வாய் இல்லை. சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றை என்ன செய்தோம் என்று ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது நானும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் உப்பு சோடியம், நுரையைக் கெடுப்பது பாறைக்கடியிலிருந்து வருகிற கால்சியம் என்று லேபில் வாதாடலாம். வீட்டில் அந்த வாதம் எடுபடாது.

சரி, ஈரோடு.

ஈரோட்டு ஹோட்டல் எதிலும் ஒரு படி கீழே. லிஃப்ட் யோசித்து யோசித்து ஏறும். காலை பஃபேயில் பொங்கல் கெட்டியாக இருக்கும், சட்னி தண்ணீராக இருக்கும். ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் சந்தை என்பார்கள். கனி மார்க்கெட்டில் திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை. திருப்பூரிலிருந்து போய்த் துணி பார்ப்பது மீன்காரன் லீவில் மீன் மார்க்கெட் போவது மாதிரி. மனைவி மூன்று தடவை போயிருக்கிறாள். பள்ளிபாளையம் சிக்கன் மட்டும் சொல்ல வேண்டும். காவிரியைத் தாண்டினால் அந்த ஊரே இருக்கிறது. வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் சின்ன வெங்காயமும், வேறு மசாலா கிடையாது. மற்றபடி பவானி கூடுதுறை பதினைந்து கிலோமீட்டர். போகிற வழியில் காலிங்கராயன் வாய்க்கால், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது, இன்னும் வயலுக்குப் பாய்கிறது.

ரூம் தண்ணீர் படுமோசம். இருபத்திரண்டு சொட்டு, 550. நாலு தடவையும் அதே சிவப்பு, அதே இருபத்திரண்டு. சாஃப்ட்னர் கிடையாது.

ஆனால் முதல் தடவை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போதே ரிசப்ஷனில் இருந்தவர் மகளின் சடையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தண்ணி உப்புங்க, ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தறதுன்னா சொல்லுங்க, காவேரித் தண்ணி கொண்டாந்து வெக்கறோம்." ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். காலை ஆறரைக்குக் கதவு தட்டியது. ரூம் பையன் இரண்டு கையிலும் இரண்டு பெயின்ட் பக்கெட்டோடு நின்றான், இருபது லிட்டர், மூடி போட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே அடிவரைக்கும் தெரிகிற தண்ணீர். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைத் தனியாக ஒரு தொட்டியில் பிடித்து வைக்கிறார்களாம். பக்கெட் வெளியில் மட்டும் பழைய பெயின்ட் ஒழுகல், இளம் பச்சை.

ஆறாவது சொட்டில் நீலம். 150.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாஃப்ட்னர் தண்ணீரில் நுரை பொங்கும், ஆனால் சோப்பு போனதா இல்லையா என்று தெரியாமல் உடம்பு வழவழவென்றே இருக்கும். மனைவிக்கு அது பிடிக்காது. ஆற்றுத் தண்ணீரில் நுரை வந்தது, நாலு சொம்பு ஊற்றியதும் போய்விட்டது. மகள் பாத்ரூம் ஸ்டூலில் உட்கார, அவள் அம்மா குனிந்து சொம்பால் ஊற்ற, நான் வாசலில் காலி பக்கெட்டுக்குக் காத்திருக்கும் பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது ரூபாய் கொடுத்தேன், வாங்க யோசித்தான். இது ஹோட்டல் சர்வீஸ் பட்டியலில் இல்லை. 2022லிருந்து நாலு தடவை, நாலு தடவையும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

வாடகையைப் பார்த்தாலும் கோவைதான் இப்போது லாபம். 2025 செப்டம்பர் 22லிருந்து 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம். நாலாயிரம் ரூபாய் ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 280 ரூபாய் மிச்சம். ஈரோட்டுக்கும் அதே வரிதான், ஆனால் அங்கே வாடகையையே கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள். கேட்டால் பெயின்ட் அடித்தோம் என்கிறார்கள். பச்சைப் பெயின்ட்.

சித்தப்பா மகனுக்கு நான் சொன்ன பதில் தப்பில்லை. அவன் போவது மார்கழியில். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் பூட்டியிருக்கும், பம்ப் ரூம் பெரியவர் நிம்மதியாக ரீஜென் போடுவார், தண்ணீர் பன்னீராக இருக்கும். ஆடியிலும் அப்படியே. நானும் அதே மார்கழியில்தானே போகிறேன், அப்புறம் எதற்கு ஈரோடு என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லாமல் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். மேம்பாலம் பார்க்க வேண்டும் என்று மகளும் அம்மா கட்சிக்குப் போய்விட்டாள். இரண்டுக்கு ஒன்று. முன்பணம் திரும்ப வராது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் தருவார்கள், நான் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி அவனே மறுபடி கூப்பிட்டான். "அண்ணா, பட்டறையில ஆர்டர் அவசரமுங்க, அரைப் பரீட்சை லீவுக்கு நகர முடியாது. கோயமுத்தூர்லயே நீங்க சொன்ன ஹோட்டல்ல தை மாசம் ஒரு சனி ஞாயிறு போட்டுட்டேன். கேன்சல் பண்ண முடியாதாமா."

டெஸ்ட் கிட் வேண்டுமா என்று கேட்டேன். எதுக்குங்ண்ணா என்றான்.