கண், காது, சிறுநீரகம்: வேலூரில் ஒரே பையனுக்கு மூன்று வரிசை

அக்கா மகனுக்கு பதினான்கு வயது. வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் பாடம் காதில் விழுவதில்லை என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறியது. குடியாத்தத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் தயாராக இருந்தது. காதுக்கு வீட்டின் முன்கட்டில் ஓடும் தறிச் சத்தம், கண்ணுக்குச் செல்போன். இரண்டுக்கும் தனித்தனியாக மருத்துவர்களைப் பார்த்து மருந்தும் வாங்கியாகிவிட்டது. சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. காதும் கண்ணும் கெட்டுப் போனவனின் சிறுநீரை யார் பார்ப்பார்கள்?

நான் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த நேரம். "தம்பி, நீ ஊரில் இருக்கும்போதே வேலூரில் ஒருமுறை காட்டிவிடலாம்" என்றார் அக்கா. போனோம். அங்கே மருத்துவச் சேவை எப்படி இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது சிஎம்சி என்ற பெயர்பெற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்ல, வேறொரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம்.

வேலூர் என்றாலே நோயாளிகளின் ஊர்தான். 1900இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி, பிறகு சிஎம்சியாக வளர்ந்த வைத்தியத்தைச் சுற்றி ஒரு நகரமே வளர்ந்திருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் தங்கும் லாட்ஜுகள், வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், மீன்குழம்பு மெஸ்கள். தங்க இடமும் சாப்பாடும் கிடைப்பதில் குறையே இல்லை. ஆட்டோ கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

மருத்துவமனையில் முதலில் பார்த்த இளம் மருத்துவர் புத்திசாலி. கண்ணும் காதும் சேர்ந்து கெடுகிறது என்றதும், சிறுநீர் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினார். பார்வைக்குத் தெளிவாக இருந்த சிறுநீர்தான், ஆனால் சோதனைப் பட்டையில் இரத்தம் இருப்பது தெரிந்தது, புரதமும் இருந்தது. அவர் சந்தேகப்பட்டது ஆல்போர்ட் நோய். 1927இல் சிசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர், சிறுநீரகக் கோளாறும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வந்த ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நம் உடலில் நான்காம் வகைக் கொலாஜன் என்று ஒரு புரதம் உண்டு. சிறுநீரக வடிகட்டியின் சவ்வு, உட்செவி, கண் வில்லையின் உறை மூன்றுக்கும் அதுவே ஆதாரம். அதை உருவாக்கும் மரபணுவில் பழுது என்றால் மூன்று இடங்களிலும் பாதிப்பு வரும்.

உடம்புக்குள் ஒரே நோய்தான். மருத்துவமனையிலோ மூன்று கட்டடம், மூன்று டோக்கன், மூன்று ஃபைல். சிறுநீரகப் பிரிவில் எடுத்த முடிவு கண் பிரிவின் கணினியில் தெரியவில்லை. காதுப் பிரிவில் இருந்தவர், "அந்தச் சீட்டு எங்கே?" என்று அக்காவைத்தான் கேட்டார். எல்லாக் காகிதத்தையும் ஜவுளிக்கடைப் பையில் சுமந்து, கேட்டவர் கேட்டதை எடுத்து நீட்டியவர் அக்கா. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

காதுச் சோதனையை மட்டும் நான் கண்ணாடிக்கு இப்புறம் நின்று முழுதாகப் பார்த்தேன். சத்தம் புகாத சிறிய அறை. பையன் காதில் ஹெட்போன், கையில் பொத்தான். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். தாழ்ந்த ஒலிகளுக்கு டக் டக்கென்று அழுத்தினான். ஒலி மெலிந்து கூர்மையாக ஏற ஏறக் கை சும்மா இருந்தது. கேட்கவில்லை என்பதே தெரியாத முகத்தோடு அடுத்த ஒலிக்குக் காத்திருந்தான். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று வரைபடத்தில் விழுந்த புள்ளிகள் வலப்பக்கம் போகப் போகச் சரிந்தன. "தறிச் சத்தத்தாலா?" என்று கேட்டேன். "அதனால் மட்டும் இருக்காது, சார்" என்றார் சோதனை எடுத்த பெண். அதற்கு மேல் சொல்வது தன் வேலை இல்லை என்று நிறுத்திக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆய்வு குறுக்கே வந்தது இந்த இடத்தில்தான். இந்த நோய் உள்ள குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று அங்கே நடக்கிறது. புது மருந்து எதுவும் கிடையாது. குறித்த இடைவெளியில் சிறுநீர்ப் புரதம், செவித்திறன், கண் வில்லை ஆகியவற்றைப் பார்த்துப் பதிவு செய்வார்கள். ஆய்வு ஒருங்கிணைப்பாளரான ஒரு பெண், தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழில் கொண்டுவந்தார். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா வீட்டுக்காரர், "நம் பிள்ளை என்ன எலியா?" என்றார். அந்தப் பெண் கோபப்படவில்லை. சேராவிட்டாலும் சிகிச்சை அப்படியே கிடைக்கும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று வரி வரியாகப் படித்துக் காட்டினார். எடுத்த இரத்தத்தை வேறு ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா என்று தனிக் கட்டம் இருந்தது. அக்கா "வேண்டாம்" என்பதில் குறியிட்டார். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களிடமும் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். பையனிடம் தனித் தாள் நீட்டப்பட்டது. சற்று முன்புதான் கண்ணில் பாப்பா விரிய மருந்து விட்டிருந்தார்கள். தாளை முகத்தருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான். "மாமா, எழுத்தே தெரியவில்லை" என்றான். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினால் போட்டிருப்பான். ஒருங்கிணைப்பாளர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நாளைக்குப் படித்துவிட்டுப் போடலாம்" என்றார். அன்றிரவு நான் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் ஆய்வின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 2007 முதல் இருக்கும் இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எண் சரியாக இருந்தது.

மறுநாள் குடும்ப வரைபடம் வரைந்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சொந்தத்தில் திருமணமா என்ற கேள்விக்கு இல்லை என்றார் அக்கா. பிறகு, "அம்மா வழியில் காது கேளாதவர் யாராவது?" என்று கேட்டார்கள். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பெரிய மாமாவை ஊரே செவிட்டு மாமா என்றுதான் கூப்பிடும். கால் வீங்கி, முகம் ஊதி, முப்பது சொச்சத்தில் போய்ச் சேர்ந்தார். செய்வினை என்றார்கள். அந்தச் சதுரத்துக்குக் கறுப்பு அடித்து, மேலே சாய்கோடு போட்டார்கள்.

அடுத்து அக்காவின் சிறுநீரைக் கேட்டார்கள். "நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றார். அதிலும் இரத்தம் இருந்தது. எனக்கும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இந்த நோயின் பரவலான வகை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. ஆண்களைக் கடுமையாகத் தாக்கும். பெண்களை வெறும் கடத்துபவர்கள் என்று ஒதுக்கிவைத்த காலம் போய், அவர்களும் நோயாளிகளே, அவர்களின் சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள் இப்போது. அக்கா அதற்குள், "தேவைப்பட்டால் என் கிட்னியைக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டிருந்தார். 1971லேயே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்த ஊர் வேலூர். அப்படிச் சொன்ன தாய்கள் அங்கே எத்தனை பேரோ. சிறுநீரக மருத்துவர் மெதுவாக விளக்கினார்: இவனுக்கு அந்த நிலை வரவில்லை, ராமிப்ரில் மாத்திரை தொடங்கினால் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், அப்படியே வந்தாலும் உங்கள் சிறுநீரகம் கடைசி யோசனையாகத்தான் இருக்கும். அக்காவுக்கு நோயைவிட அந்தப் பதில்தான் வலித்தது.

ஆய்வில் சேர்ந்த பிறகு எல்லாமே மாறிவிட்டது. மூன்று பிரிவுக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கித் தந்தார்கள். ஃபைலின் மேலட்டையில், காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடிய ஜென்டாமைசின் ஊசி கூடாது, வலி மாத்திரை கூடாது என்று சிவப்பில் எழுதினார்கள். பஸ் டிக்கெட்டைக் கொடுத்தால் பணம் வருகிறது. இதில்தான் எனக்கு நெருடல். இது ஆராய்ச்சி தரும் சலுகையா, எந்த நோயாளிக்கும் கிடைத்திருக்க வேண்டியதா? சேராவிட்டாலும் சிகிச்சை அப்படியே கிடைக்கும் என்ற வரி உண்மைதான். ஆனால் 'அப்படியே' என்பதில் மூன்று வரிசையும் ஜவுளிக்கடைப் பையும் அடக்கம். அந்த அலைச்சலுக்குப் பயந்து கையெழுத்துப் போடுவதைச் சுதந்திரமான சம்மதம் என்று முழு மனதோடு சொல்ல என்னால் முடியவில்லை. ஒருங்கிணைப்பாளரிடமே கேட்டேன். மறுக்கவில்லை. ஆய்வுக்கான நிதி முடிந்தால் தன் வேலையும் முடியும் என்றார்.

அதனால் கிளம்புமுன் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதி, நகலெடுத்து மூன்று ஃபைலிலும் ஒட்டிவிட்டேன்: நோயின் பெயர், மாத்திரை அளவு, கூடாத மருந்துகள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினின் கடைசி அளவு, அடுத்த செவிச் சோதனைத் தேதி. அக்காவின் பெயருக்கும் ஒரு தாள் இருக்கிறது. அவர் மகளுக்குச் சோதனை செய்வதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்கிறார் அவள் அப்பா. ஒரு பாட்டில் சிறுநீருக்கு இத்தனை பேச்சா என்கிறார் அக்கா.