காய்ச்சலும் வலிப்பும் இருந்தும் ‘மனச்சிதைவு’ என்று எழுதிவிட்டார்கள்

வீட்டில் இளவயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். என் தங்கை கல்லூரியில் படிக்கிறாள். காய்ச்சலும் தலைவலியும் வந்து, அது தணிவதற்குள் தூக்கம் போயிற்று. யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கத்தினாள். எங்கள் ஊரில் பெயர் பெற்ற ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். அவளிடம் சரியாகப் பேசக்கூட இல்லை. ‘ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு), ஆயுசுக்கும் மாத்திரை’ என்று முடித்துவிட்டார் டாக்டர். அம்மா காய்ச்சலைப் பற்றிச் சொன்னதற்கு, “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா.”

ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். உடம்பு விறைத்தது. வாய் தானாக மென்றுகொண்டே இருந்தது, பேச்சு நின்றது. வலிப்பு வந்தபோது “நடிக்குது” என்றார்கள். ஸ்கேன் இல்லை, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. இல்லை. மருந்தின் அளவை மட்டும் கூட்டினார்கள்.

சண்டை போட்டுத்தான் வெளியே கொண்டுவந்தோம். அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவில் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். மூளைச் செல்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்துக்கு எதிரான மூளை அழற்சி! கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பொருளே மூளையைத் தாக்கும் நோய். நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007-லேயே இதை விவரித்துவிட்டார்கள். இளம்பெண்கள் சிலருக்குச் சினைப்பையில் உள்ள டெரட்டோமா கட்டி இதைத் தூண்டும். தங்கைக்கும் அது இருந்தது. கட்டியை எடுத்து, அந்தத் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள். மெல்ல மெல்லத் தேறி, இப்போது மறுபடி வகுப்புக்குப் போகிறாள்.

மனச்சிதைவு உண்மையான நோய்தான். மாத்திரையால் நன்றாக வாழ்பவர்கள் நிறையப் பேர். என் பதிவைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. ஆனால் அந்தப் பெயரைச் சூட்ட, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 படி அறிகுறிகள் குறைந்தது 1 மாதம் இருக்க வேண்டும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.-5 படி 6 மாதம். தைராய்டு, வலிப்பு நோய், கஞ்சா, மூளைத் தொற்று எல்லாம் இல்லையென்று பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வரவே வேண்டும். திடீர் மாற்றத்தோடு காய்ச்சல், வலிப்பு, விறைப்பு, குழப்பம் எது இருந்தாலும் உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டபோது ‘தரமாட்டோம்’ என்றார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25 அதை நம் உரிமை என்கிறது. சேவைக் குறைபாடுகளுக்குப் பிரிவு 28-ன் கீழ் மனநல மறுஆய்வு வாரியம் வரை புகார் கொண்டுபோகலாம். தங்கையின் கையெழுத்தோடு எங்கள் புகார் போய்விட்டது.