நான்கு மெயில் ஐடி, பல வருடப் புழக்கம்: எது நிலைத்தது, எது சலித்தது

மெயில் ஐடியைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிரித்த சூட்டோடு சொல்கிறார்கள். அப்போது எல்லா இன்பாக்ஸும் காலியாக இருக்கும், பார்க்கவே நன்றாக இருக்கும். அந்தப் பளபளப்பெல்லாம் போன பிறகு நான் எழுதுகிறேன். பல வருடங்களாக நான்கு முகவரிகளை வைத்துப் புழங்குகிறேன். அவற்றில் ஒன்று இல்லாமல் இனி இருக்க முடியாது. இரண்டு பரவாயில்லை. ஒன்றை மூடிக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஐடி பணத்துக்கும் அடையாளத்துக்கும்: வங்கி, வரி, காப்பீடு, அரசு சேவைகள். இதைச் சாவி ஐடி என்று சொல்லிக்கொள்வேன். இரண்டாவது மனிதர்களுக்கு. மூன்றாவது கடைகள், டிக்கெட், சந்தாக்கள். நான்காவது, "மெயில் ஐடி கொடுத்தால்தான் பிடிஎஃப்" என்று அடம்பிடிக்கும் தளங்களுக்கு. அலுவலக மெயில் இந்தக் கணக்கில் இல்லை. அது நம்முடையதே இல்லை, வேலையை விட்ட அன்றே பூட்டிவிடுவார்கள். அதில் சொந்த விஷயம் எதையும் பதிவு செய்யக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

பிரித்ததன் உண்மையான லாபம் ஒழுங்கு என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒழுங்குக்கு லேபிளும் ஃபில்டரும் போதும், ஒரே ஐடியிலேயே செய்யலாம். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருமுறை வங்கியின் பெயரில் ஒரு மெயில் வந்தது. கணக்கு முடக்கப்படவிருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்கவும் என்று. லோகோ சரி, என் முழுப்பெயர் சரி, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் வந்திருந்தது கடைகளுக்கான ஐடிக்கு. அந்த ஐடி என் வங்கிக்குத் தெரியவே தெரியாது. அனுப்பியவர் முகவரியை உற்றுப்பார்க்கவோ லிங்க் எங்கே போகிறது என்று ஆராயவோ வேண்டியிருக்கவில்லை. தப்பான பெட்டிக்கு வந்த மெயில் போலி, அவ்வளவுதான். மோசடி மெயில்கள் நாளுக்கு நாள் நேர்த்தியாகிவரும் காலத்தில், யோசிக்காமலே கண்டுபிடிக்க உதவும் இந்த ஒரு வசதிக்காகவே பிரிக்கலாம்.

இது வேலை செய்ய வேண்டுமானால் சாவி ஐடி வெளியே எங்கேயும் கசியக் கூடாது. அதனால் அதை யாருக்கும் வாய்மொழியாகச் சொல்வதில்லை, எந்தக் கடையின் படிவத்திலும் எழுதுவதில்லை. பெயரையும் மற்ற ஐடிகளைப் பார்த்து ஊகிக்க முடியாதபடி வைத்திருக்கிறேன். யாஹூவில் 2013-இல் நடந்த தகவல் திருட்டில் அப்போதிருந்த எல்லாக் கணக்குகளும், மொத்தம் 300 கோடி, பாதிக்கப்பட்டன என்பது 2017-இல்தான் வெளியே வந்தது. நான்கு வருடம் யாருக்கும் முழு அளவு தெரியாமலே போயிருக்கிறது. எந்தக் கசிவில் நம் முகவரி சிக்கியது என்று பார்க்க, இணையப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (Have I Been Pwned) தளம் இருக்கிறது. அதில் என் கடை ஐடியைப் போட்டால் ஒரு பட்டியலே வருகிறது. சாவி ஐடிக்கு இதுவரை ஒன்றும் இல்லை.

அடுத்தது மீட்பு முகவரி, அதாவது கணக்குக்குள் போக முடியாமல் போனால் அதைத் திரும்பப் பெறக் கொடுத்து வைக்கும் இன்னொரு மெயில் ஐடி. பெரும்பாலான தளங்களில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் வழி மெயிலுக்குத்தான் வரும். ஆகவே மெயில் யார் கையில் இருக்கிறதோ, மற்றதில் பெரும்பகுதி அவர் கையில். பலரும் முதல் ஐடிக்கு மீட்பு முகவரியாக இரண்டாவதையும், இரண்டாவதற்கு முதலாவதையும் கொடுத்து வைப்பார்கள். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். இரண்டுமே திறந்திருந்த ஒரே போன் தொலைந்தால், ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும், உள்ளே போக வழி இருக்காது. இந்த வளையத்தை வெளியிலிருந்து உடைக்க ஒரு பொருள் வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிய கூகுள் கணக்கில், போன் கையில் இல்லாதபோது பாஸ்வேர்டோடு சேர்த்துக் கொடுக்க 10 பேக்கப் குறியீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். அவற்றை அச்செடுத்து, சான்றிதழ்கள் இருக்கும் அதே ஃபைலில் வைத்திருக்கிறேன். காகிதத்தை எவனும் ஹேக் செய்ய முடியாது.

இனி தொல்லைகள். தினசரி எரிச்சல் மெயிலில் வருவதைவிட மெயிலைச் சுற்றியுள்ளவற்றில்தான் அதிகம். யாரோ பகிர்ந்த கூகுள் டாக்ஸ் லிங்கைத் திறந்தால், அனுமதி கேட்கச் சொல்லி ஒரு பக்கம் வரும். பிரவுசர் வேறு ஐடியில் லாகின் ஆகியிருக்கும். பொறுமை இல்லாமல் பொத்தானை அழுத்தினால், நண்பருக்கு என் கடை ஐடியிலிருந்து கோரிக்கை போகும், அவர் "இது யார்?" என்று கேட்பார். காலண்டர் அழைப்புகளும் இப்படித்தான் இடம் மாறி உட்காரும். ஐடிக்கு ஒரு பிரவுசர் புரொஃபைல் (தனி லாகின்களோடு திறக்கும் தனி ஜன்னல்), ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம் என்று வைத்த பிறகு கணினியில் இது கிட்டத்தட்டத் தீர்ந்தது. போனில் தீரவில்லை, தீரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

மனிதர்களைப் பிரிப்பது இன்னும் கஷ்டம். ஒரு டிக்கெட்டைக் கடை ஐடியிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரே ஒருமுறை ஃபார்வர்டு செய்தேன். அன்றிலிருந்து அவர் போனில் என் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாலே அந்த ஐடிதான் மேலே வருகிறது. குடும்பப் படங்கள் எல்லாம் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே வந்து விழுகின்றன. எத்தனை முறை சொன்னாலும் "அதுதானப்பா வருது" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் அவர் மெயில்களை மட்டும் இரண்டாவது ஐடிக்குத் தானாக அனுப்ப ஒரு ஃபில்டர் போட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கத் தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலி நல்லது. கணினியில் வெகுகாலமாக இருக்கிறது, ஆண்ட்ராய்டுக்கு 2024 அக்டோபரில் வந்தது. ஆனால் எல்லா இன்பாக்ஸையும் கலந்து காட்டும் வசதியில் சாவி ஐடியை நான் சேர்ப்பதில்லை. எந்தப் பெட்டிக்கு வந்தது என்பது கண்ணில் படாவிட்டால் பிரித்ததற்கே அர்த்தம் இல்லை. அறிவிப்பு ஒலிப்பதும் முதல் இரண்டு ஐடிகளுக்கு மட்டும்தான். கடை ஐடியைத் தேவைப்படும்போது நானே போய்ப் பார்ப்பேன். கூடுதல் ஜிமெயில் ஐடி இருந்தால் ஒவ்வொன்றிலும் 15 ஜிபி சேமிப்பிடம் இலவசம் என்று ஒரு வாதம் உண்டு; படங்களை நான்கு இடத்தில் தேடி அலைந்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

மூட முடிவு செய்த நான்காவது ஐடிக்கு வருவோம். முதலில் அதற்குப் பதிலாக ஜிமெயிலின் கூட்டல் குறி உத்தியை முயன்றேன். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுத்தால், மெயில் நமக்கே வரும், யார் முகவரியை விற்றார்கள் என்றும் தெரியும். அவுட்லுக்கிலும் இது உண்டு. ஆனால் நிறைய படிவங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. அதற்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டால் அசல் முகவரி கிடைத்துவிடும் என்பது ஸ்பேம் அனுப்புபவர்களுக்கும் தெரியும்.

மாற்றுப்பெயர் சேவைகள் இதைவிட எவ்வளவோ மேல். ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின், டக்டக்கோ, ஆப்பிளின் ஹைட் மை ஈமெயில் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன: அர்த்தமில்லாத ஒரு முகவரியை உருவாக்கி, அதற்கு வருவதை நம் ஐடிக்குத் திருப்பிவிடும். தொல்லை வந்தால் அந்த ஒரு முகவரியை அணைத்துவிடலாம். ரிலேவின் இலவசத் திட்டத்தில் ஐந்து முகவரிகள்தான். குறை இல்லாமல் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யும்போது அந்த எழுத்துக் குப்பையை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கும். சேவையே நின்றுபோனால் முகவரிகளும் போகும். அதனால் வங்கி, காப்பீடு போன்றவற்றுக்கு இதைக் கொடுக்க மாட்டேன்.

ஐடியை மூடுவது ஒரு பொத்தானை அழுத்துகிற காரியம் இல்லை. சும்மா விட்டாலும் ஆபத்துதான். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்குவதாக 2023 மே மாதம் அறிவித்த கூகுள், அந்த டிசம்பரில் தொடங்கியது. மைக்ரோசாஃப்டிலும் இரண்டு வருடக் கெடுதான். யாஹூ 2013-இல் ஒரு படி மேலே போய், பயன்பாட்டில் இல்லாத ஐடிகளை எடுத்துப் புதியவர்களுக்கே கொடுத்தது. பழைய ஐடியில் நாம் பதிவு செய்த தளம் ஒன்று பாஸ்வேர்டு மாற்றும் லிங்கை அனுப்பினால், அது அந்தப் புதியவருக்குப் போகும். அதனால் இன்பாக்ஸில் 'வெல்கம்', 'வெரிஃபை' என்ற சொற்களைத் தேடி, வந்த ஒவ்வொரு தளத்திலும் போய் முகவரியை மாற்றினேன், அல்லது கணக்கையே நீக்கினேன். சலிப்பான வேலை, ஆனால் குறுக்குவழி கிடையாது.

ஒரே ஒரு தளம் மட்டும் பதிவு செய்த மெயில் ஐடியை மாற்ற விடுவதில்லை. கேட்டால் புதுக் கணக்கு தொடங்கச் சொல்கிறார்கள். பழைய ரசீதுகள் அதற்கு வராது. அந்த ரசீதுகளின் உத்தரவாதக் காலம் முடியும்வரை நான்காவது ஐடி உயிரோடு இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாகின் செய்யக் காலண்டரில் நினைவூட்டல் போட்டிருக்கிறேன்.