மலிவுக் கைகர் மானி: மன்னார், முல்லைத்தீவுக் கரைக்கு வாங்கலாமா?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தால் அறிய, கதிரியக்கத்தை எண்ணும் கைகர் மானி வாங்கலாமா என்பதே கேள்வி. உள்ளங்கையில் அடங்கும் மலிவு மானிகள் பலவற்றில் எம்4011 என்ற வகைக் கண்ணாடிக் குழாய்தான் கதிரைப் பிடிக்கிறது. கதிர் வகைகளில் பீற்றாவும் காமாவும் பிடிபடும்; அல்பா கண்ணாடியைத் தாண்டாது. திரையில் தெரியும் மைக்ரோசீவேட்டை (உடலில் படும் கதிரின் அளவை) விடுங்கள், நிமிடத் துடிப்பைப் பாருங்கள்; குழாயில் பிடிபடும் ஒவ்வொரு கதிரும் ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 துடிப்பை மணிக்கு 1 மைக்ரோசீவேட் என்று கருவி மாற்றும். அது காமாவுக்கான கணக்கு. பீற்றா கலந்தால் எண் ஊதிவிடும்.

வழமையாக 20 துடிப்புக் காட்டும் இடத்தில் ஒரு நிமிடம் 14, அடுத்தது 26 வருவது பழுதல்ல, எழுந்தமானம். 10 நிமிடம் எண்ணி 200 சேர்ந்தால் பிழை 7 சதவீதமாகக் குறையும். ஒரே இடத்தில், 1 மீற்றர் உயரத்தில், நிழலில் வைத்து நாள்தோறும் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். நேர் வெயில் குழாயில் பட்டால் பொய்த் துடிப்பு வரும். பெருமழைக்கும் எண் ஏறும்: றேடன் என்ற இயற்கைக் கதிரியக்க வாயுவின் சிதைவுப் பொருட்களை மழை கீழே இறக்குகிறது. மழை விட்டு இரண்டு மூன்று மணியில் தணியும். கொக்கிளாய், புல்மோட்டைக் கறுப்பு மணலில் வைத்தால் தணியவே தணியாது. அந்த மணலில் கலந்த மொனசைற் கனிமத்திலுள்ள தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் வேலை. இதெல்லாம் கொப்பியில் இல்லாதவருக்கு மாரி முழுக்க அணு விபத்துத்தான்.

தமிழ்நாட்டின் கூடங்குளம் மன்னாரிலிருந்து சுமார் 250 கிலோமீற்றர்; சோழகம் (தென்மேற்குக் காற்று) அந்தப் பக்கமிருந்துதான் வீசும். 2019இல் அந்நிலையத்தின் கணினியில் தீநிரல் (கணினியைக் கெடுக்கும் நிரல்) புகுந்ததாக வந்த செய்தியை ஒக்ரோபர் 29இல் நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. புகுந்தது நிர்வாகப் பக்கக் கணினியில், உலையை இயக்குவதில் அல்ல. ஆனாலும் முதல் வாய் மறுப்புத்தான். சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26. சுவீடனின் போர்ஸ்மார்க் நிலையத்தில் 28ஆம் திகதி ஊழியரின் சப்பாத்தில் கதிரியக்கம் பிடிபட்ட பிறகே மொஸ்கோ வாய் திறந்தது. அப்படியொரு இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கப்போவது பழைய எண்கள் மட்டுமே.

மீன் சோதிக்க இது உதவாது. அணு விபத்தில் வெளிவரும் சீசியம் மீனில் கிலோவுக்குச் சில பெக்கரல் (கதிரியக்க அலகு) இருந்தால் இதற்குத் தெரியாது. ஈயக் கவசத்துள் வைத்த காமா நிறமாலைமானி (எந்தப் பொருளின் கதிர் என்று பிரித்துக் காட்டும் ஆய்வுகூடக் கருவி) வேண்டும். சந்தையில் கருவியை நீட்டி மீன் சுத்தம் என்பது பம்மாத்து.

வீட்டுக்கொன்று தேவையில்லை, கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒன்று, கமக்காரர் அமைப்புக்கு ஒன்று போதும். கரண்ட் போகும் ஊர்களுக்குப் பற்றரி கழற்றி மாற்றக்கூடியதாக, பதிவைக் கணினிக்கு இறக்கக்கூடியதாக எடுங்கள். எச்சரிக்கை ஒலியை உங்கள் வழமையான எண்ணின் மூன்று மடங்கில் வையுங்கள். அது அடித்து, மழையும் இல்லாமல், எண் மணிக்கணக்காக இறங்காமல், மற்றச் சங்கத்தின் கருவியும் அதையே காட்டினால் கொப்பியோடு இலங்கை அணுசக்திச் சபைக்கு அறிவியுங்கள்.