மேன்லிப் படகும் கோர்சோ தெருவும்

சிட்னிக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் அதன் கடலோரப் புறநகரான மேன்லியைப் பற்றி என்னிடம் விசாரிக்கும்போது, வண்டியை எங்கே நிறுத்தலாம், கடற்கரையில் எந்த இடத்தில் கூட்டம் குறைவு என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, நகர மையத்துப் படகு நிலையமான சர்க்குலர் கீயின் மூன்றாம் துறையிலிருந்து புறப்படும் எஃப்1 படகில் போங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் பதில். மேன்லியின் முதன்மைத் தெருவான கோர்சோ அந்தப் படகை நம்பிப் போடப்பட்ட தெரு. காரில் வந்து இறங்குகிறவருக்கு அது கடைகள் நிறைந்த, வண்டிகள் ஓடாத ஒரு நடைத்தெருவாக மட்டுமே தெரியும். படகிலிருந்து இறங்கி நடப்பவருக்கு, அந்தத் தெரு ஏன் அந்த இடத்தில், அந்தத் திசையில் கிடக்கிறது என்பது முதல் பார்வையிலேயே விளங்கிவிடும். ஆகவே படகையும் தெருவையும் தனித்தனியாக மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

மேன்லியின் நில அமைப்பே விசேஷமானது. மேற்கே சிட்னித் துறைமுகத்தின் அடங்கிய நீரும் கிழக்கே பசிபிக் பெருங்கடலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு மட்டும் ஓடுகிறது. துறைமுக வாயிலின் வடபுறம் நிற்கும் நார்த் ஹெட் பாறைமுனை ஒரு காலத்தில் தீவாக இருந்தது. கடல் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் அதைக் கரையோடு சேர்த்தது. அந்த மணலின் குறுக்கே, ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்குப் போகும் மிகக் குறுகிய பாதையாகக் கோர்சோ கிடக்கிறது. நிதானமாக நடந்தாலும் ஐந்து, ஆறு நிமிடங்களில் முடிந்துவிடும்.

1850களில் ஹென்றி கில்பர்ட் ஸ்மித் என்ற வணிகர் இங்கே பெருமளவு நிலம் வாங்கினார். இங்கிலாந்தின் பிரைட்டன் போன்றதொரு கடலோர உல்லாச நகரத்தை இங்கே எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. அக்காலத்தில் சிட்னியிலிருந்து தரைவழியாக மேன்லிக்கு வருவது பெரும்பாடு. காடும் மேடும் கடந்து, நடுவில் மிடில் ஹார்பர் என்னும் நீர்க்கையையும் தாண்டியாக வேண்டும். ஆகவே அவர் படகுத்துறையைக் கட்டி நீராவிப் படகுகளை வரவழைத்தார். படகில் வந்தவர்கள் பெருங்கடலைப் போய்ப் பார்க்க, புதர்களை வெட்டி நேராக ஒரு வழி போட்டு, அதற்கு ரோமாபுரியின் புகழ்பெற்ற தெரு ஒன்றின் பெயரைச் சூட்டினார். சில மரவீடுகளும் மணலும் மட்டுமே இருந்த இடத்துக்கு அப்படியொரு பெயரை வைக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டியிருந்திருக்கும்! தெருவை நோக்கிய குன்றின்மேல் அவர் நிறுத்திய கல் கங்காரு இன்றும் அங்கேயே நிற்கிறது. பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நேரம் இருந்தால் ஏறிப் பாருங்கள்.

ஸ்மித்துக்குப் பிறகு மேன்லியை வளர்த்தது படகுக் கம்பெனிதான் என்றால் அது மிகையாகாது. போர்ட் ஜாக்சன் அண்ட் மேன்லி ஸ்டீம்ஷிப் கம்பெனி, "சிட்னியிலிருந்து ஏழு மைல், கவலையிலிருந்து ஆயிரம் மைல்" என்ற விளம்பர வாசகத்தோடு பல தலைமுறைகளை மேன்லிக்கு அழைத்து வந்தது. மக்கள் படகேற வேண்டுமானால் போய்ச் சேரும் இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதைக் கம்பெனி நன்றாகவே உணர்ந்திருந்தது. 1930களின் தொடக்கத்தில் துறையை ஒட்டிய விரிகுடாவில் நடைபாலத்தோடு கூடிய மாபெரும் நீச்சல் அடைப்பை அமைத்ததும் அதனால்தான். 1974ஆம் ஆண்டின் பெரும் புயல் அதை அடித்துக்கொண்டு போனது.

1932இல் ஹார்பர் பாலம் திறக்கப்பட்டபோது துறைமுகத்தின் பல படகுத் தடங்கள் பயணிகளை இழந்து மெலிந்தன. மேன்லித் தடமோ நிலைத்து நின்றது. பாலத்தைத் தாண்டிய பிறகும் மேன்லிக்குச் சாலைவழி வளைந்து நெளிந்துதான் போகிறது என்பதே இதற்குக் காரணம். ஸ்பிட் என்னும் இடத்தில் மிடில் ஹார்பரைக் கடக்கும் பாலம், பாய்மரப் படகுகளுக்கு வழிவிட இன்றும் குறித்த நேரங்களில் திறக்கப்படுகிறது. சாலையில் வருகிறவர்கள் அப்போது வரிசையில் நின்று காத்திருக்கத்தான் வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் மேன்லிக்குப் படகு ஏன் தேவைப்பட்டதோ, அந்தக் காரணத்தில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது.

இனிப் படகைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தடத்தின் அடையாளமாக விளங்குபவை ஃப்ரெஷ்வாட்டர் வகைக் கப்பல்கள். முதல் கப்பல் 1982இலும் நான்காவதும் கடைசியுமான கப்பல் 1988இலும் பணிக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 மீட்டர் நீளம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும். இரு முனைகளும் ஒன்றுபோலவே அமைந்திருக்கும். இரு பக்கமும் மாலுமியின் அறை உண்டு. ஆகவே இவை துறையில் திரும்ப வேண்டியதில்லை. வந்த கப்பல் அப்படியே எதிர்த்திசையில் கிளம்பிவிடும். பயணம் சுமார் அரை மணி நேரம். கட்டணம் பொதுப் போக்குவரத்துக்கான ஓப்பல் அட்டையிலோ வங்கி அட்டையிலோ தட்டிச் செலுத்துவது. சுற்றுலாப் படகுகள் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. உல்லாசப் படகில் காட்டப்படும் ஓபரா ஹவுஸ், ஃபோர்ட் டெனிசன் கோட்டைத் தீவு, பிராட்லிஸ் ஹெட் முனை ஆகிய அனைத்தையும் இந்த அரசுப் போக்குவரத்துப் படகிலும் காணலாம்.

போகும்போது வலப்பக்கத்து வெளியிருக்கையைப் பிடியுங்கள். புறப்பட்டதும் ஓபரா ஹவுஸ் அந்தப் பக்கம்தான் வரும். வழியின் மிகச் சிறந்த பகுதியான துறைமுக வாயிலும் அந்தப் பக்கமே. சவுத் ஹெட்டுக்கும் நார்த் ஹெட்டுக்கும் இடையே பெருங்கடல் திறந்துகொள்ளும் அந்தச் சில நிமிடங்களில் பயணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. அதுவரை ஏரியில் போவதுபோல் போன கப்பல், கிழக்கிலிருந்து வரும் நீண்ட அலைகளை வாங்கிக்கொண்டு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கும். மரப்பலகை இருக்கையின் அதிர்வு உடம்பில் தெரியும். முன்தளத்தில் நிற்பவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். கடல் சற்றுக் கடுமையாக இருந்தால் உப்புத்துளிகள் முகத்தில் வந்து விழும். குழந்தைகள் இதற்காகவே மறுபடி வரக் கேட்பார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாக இருக்கும். அலை மிகவும் உயர்ந்த நாள்களில் சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. தெற்கிலிருந்து புயல்காற்று வீசும் நாளில் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தடம் வழி செய்யாமல் இல்லை. 1965 முதல் 1991 வரை, நீர்மட்டத்துக்கு மேல் எழும்பி விரையும் ஹைட்ரோஃபாயில் படகுகளும், அவற்றுக்குப் பின் 2008 வரை ஜெட்கேட் என்னும் விரைவுப் படகுகளும் ஓடின. இப்போதும் தனியார் விரைவுப் படகுகள் உண்டு. தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அந்த வேகம் தேவைதான்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் பார்க்க வருகிறவர் மட்டும் அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்த வேண்டாம் என்பேன். பெரிய கப்பல்களை ஓய்வுக்கு அனுப்பப்போவதாக 2020இல் அறிவிப்பு வந்தபோது, மேன்லி மக்கள் அதைத் தங்கள் தெருவின் ஒரு பகுதியை இடிக்கப்போவதுபோல் எடுத்துக்கொண்டு எதிர்த்தார்கள். எனக்கு அந்த உணர்வு மிகவும் நியாயமாகப் பட்டது. அந்தக் கப்பல்களில் சில இன்றும் ஓடுகின்றன. சில நேரங்களில் அவற்றுக்குப் பதிலாக எமரால்டு வகையைச் சேர்ந்த சிறிய படகு வரும். பெரிய கப்பல் வேண்டுமானால் அடுத்த பயணத்துக்குக் காத்திருப்பதில் தவறில்லை.

மேன்லித் துறையில் இறங்கிச் சாலையைக் கடந்தால் எதிரே கோர்சோ. கீழ்த்தளக் கடைகளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவற்றில் பல, எந்தப் பேரங்காடியிலும் காணக்கூடிய அதே பெயர்ப்பலகைகள்தாம். நீச்சலுடையும் ரப்பர்ச் செருப்பும் ஐஸ்கிரீமும் விற்கும் கடைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, புகழ்பெற்ற தெரு இதுதானா என்று கேட்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் சற்று அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். கடைகளின் முன்கூரைக்கு மேலே பழைய தெரு அப்படியே இருக்கிறது. வளைவுச் சன்னல்கள், சுவர் உச்சியில் பொறித்த கட்டட ஆண்டுகள், நியூ பிரைட்டன் விடுதியின் எகிப்திய பாணி அலங்காரம் ஆகியவற்றைப் பார்த்தபடியே நடந்தால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகுக் கூட்டத்தை நம்பி இங்கே பணம் போட்டவர்களின் துணிச்சல் புலப்படும். தெருவின் நடுவே நிற்கும் போர் நினைவுத் தூண் 1916இல், அதாவது முதல் உலகப் போர் முடிவதற்கு இரண்டாண்டு முன்பே எழுப்பப்பட்டது. அந்த ஆண்டைப் படித்துவிட்டு அதன் அருகே கொஞ்சம் நிற்காமல் என்னால் போக முடிந்ததில்லை. 1970களில் வண்டிகளை விலக்கி இதை நடப்பவர்களுக்கான தெருவாக மாற்றத் தொடங்கியது மிக நல்ல முடிவு.

தெருவின் கிழக்கு முனையில் ஹோட்டல் ஸ்டெய்ன். அதைத் தாண்டினால் கடல். இந்தக் கடலில் பகலில் குளிப்பது ஒரு காலத்தில் சட்டப்படி குற்றமாக இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை நடத்திய வில்லியம் கோச்சர் 1902 அக்டோபரில், தடையை மீறப்போவதாகத் தம் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டே நகராட்சி தடையைத் தளர்த்தியது. 1964இல் முதல் உலக அலைச்சறுக்குப் போட்டி நடந்ததும் இதே கரையில்தான். ஆடவர் பட்டத்தை வென்றவர் மிட்ஜெட் ஃபாரெல்லி.

கரையோரம் வரிசையாக நிற்கும் நார்ஃபோக் பைன் மரங்களின் கதையையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. ஸ்மித்தின் காலத்தில் தொடங்கிய இந்த வரிசை, 1960களிலும் 70களிலும் காரணம் தெரியாமல் காயத் தொடங்கியது. நார்த் ஹெட் அருகே கடலில் விடப்பட்ட கழிவுநீரில் இருந்த சலவைப் பொருள்கள் அலைத்துளிகளோடு காற்றில் ஏறி இலைகளில் படிந்தன. இலைமேல் உள்ள மெழுகுப் பூச்சு கெட்டு, உப்பு உள்ளே புகுந்து மரங்களைக் கொன்றது என்று பின்னர் கண்டறிந்தார்கள். 1990 வாக்கில் கழிவுநீரை ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் வந்தது. இன்று வரிசையில் தடித்த மரங்களுக்கு இடையே மெலிந்த மரங்கள் நிற்பதைப் பார்த்தால், எங்கெங்கே மறுபடி நட்டார்கள் என்று ஊகிக்கலாம்.

துறைக்குப் பக்கத்தில் உள்ள சிறு கரையான மேன்லி கோவ் ஸ்மித்துக்கு முன்பே வரலாற்றில் இடம்பெற்றது. முதற்குடி மக்களான அரபானூவை 1788 டிசம்பரிலும், பெனலாங்கையும் கோல்பீயையும் மறு ஆண்டு நவம்பரிலும் பிரிட்டிஷ் குடியேற்றத்தின் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்பின் ஆட்கள் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றது இந்தக் கரையிலிருந்துதான். 1790 செப்டம்பரில் இங்கே பெனலாங்கைச் சந்திக்க வந்த ஃபிலிப்பின் தோளில் ஈட்டி பாய்ந்தது. இந்த மண்ணின் முதற்குடிகளுக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டு அந்த மணலில் காலை வைப்பது, ஒடுக்குமுறையின் வலி தெரிந்த நம்மவர்களுக்குக் கடமை என்றே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. கோடைகால ஞாயிறு மாலையில் திரும்பும் படகுக்கான வரிசை துறைக்கு வெளியே நீளும். நான்கு மணிக்கு முன்போ இருட்டிய பிறகோ திரும்புவது மேல். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது படகேறும் சாய்தளம் செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருகிறவர்கள் பணியாளர்களின் உதவியைக் கேட்கத் தயங்க வேண்டாம், கேட்டால் செய்கிறார்கள். கடலைப் பார்த்த உணவகங்களில் சமையலைவிடக் காட்சிக்கே அதிகம் கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். கோர்சோவின் பக்கத்துச் சந்துகளில் அதே தொகைக்கு நிறைவாகச் சாப்பிடலாம். திறந்த வெளியில் பொட்டலத்தைப் பிரித்தால் கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வார இறுதி இரவுகளில் மதுவிடுதிகளின் கூட்டம் தெருவை நிறைத்துவிடுவதால், குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் காலை நேரமே ஏற்றது.

திரும்பும்போது ஹார்பர் பாலத்தைக் காண மேற்கு நோக்கிய முன்தளமே சிறந்தது. அங்கே இடம் பிடிக்க வேண்டுமானால், அந்தக் கப்பல் மேன்லித் துறைக்கு வந்து சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்பாகவே வாயிலருகே நின்றுவிடுங்கள்.