ஒன்றா, இரண்டா, மூன்றா? கோலாலம்பூர் வீட்டுக் கணக்கு

செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எனக்குத் தெரிந்த இளம் தம்பதிகளிடம் எத்தனை பிள்ளை வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் கணவர் சொல்லும் எண் மனைவி சொல்வதைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். கூடவே, "எங்க அம்மா ஆறு பெத்து வளர்க்கலையா?" என்ற கேள்வியும் வரும்.

வளர்த்தார்கள்தான். ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா கொட்டகை இருந்தது. பால்மரம் வெட்டப் போகிற தாய் இருட்டோடு பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவாள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பாட்டியோ அத்தையோ இருப்பார்கள். 1970-இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள். இன்று இரண்டுக்கும் கீழ். இந்தியர்களிடையே அதைவிடவும் குறைவு. அடுக்குமாடி வீட்டில் ஆயா கொட்டகை ஏது?

ஒன்றோடு நிறுத்துவது: இரண்டு பேரும் வேலைக்குப் போய், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தூரத்தில், ஈப்போவிலோ சுங்கைப்பட்டாணியிலோ இருந்தால் இதுதான் நடக்கிற காரியம். தாஸ்கா என்கிற குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டணம் ஒன்றுதான், வேன் காசும் ஒன்றுதான். நாளைக்கு நம் இருவரையும் பார்த்துக்கொள்ள அந்த ஒரே பிள்ளைதான் என்பது உண்மையான குறை. "தனியா வளர்ந்தா பிடிவாதம் வரும்" என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று பேரோடு பிறந்த பிடிவாதக்காரர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

இரண்டு: எண்ணைவிட இடைவெளிதான் இங்கே பெரிய விஷயம். ஒன்றரை வருட இடைவெளியில் பெற்றால் இரண்டு தாஸ்கா கட்டணமும் ஒரே மாதத்தில் விழும். ஆனால் தாயின் வேலைக்கு வரும் தடங்கல் ஒரே மூச்சில் முடிந்துவிடும். நான்கு வருடம் விட்டால் மூத்தது பாலர் பள்ளிக்குப் போன பிறகு இளையது தாஸ்காவுக்கு வரும், பையும் கொஞ்சம் மூச்சுவிடும். முப்பதுக்குள் இருப்பவர்களுக்கு நான் நான்கு வருடத்தையே சொல்வேன். முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அப்படிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

விடுப்பையும் பாருங்கள். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் தாய்க்கு 98 நாள், மணமான தந்தைக்கு 7 நாள். ஏழு நாளில் பல குழந்தைகளுக்குத் தொப்புள்கொடிகூட விழுந்திருக்காது. மிச்சத்தைச் சுமப்பது யார் என்று தெரிந்த பிறகுதான் அவள் தன் எண்ணைச் சொல்கிறாள்.

மூன்று: இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில்தான் இந்தப் பேச்சு அதிகம் எழும். "ஒரு பையன் வேணாமா?" என்று கேட்கிற மாமியார் அதே வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாரென்றால் சரி, பேசலாம். தீபாவளிக்கு மட்டும் வந்து கேட்பவர்களுக்கு முறுக்குக் கொடுத்து அனுப்பிவிடலாம். 2020 முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். மைவி போன்ற சின்னக் காரின் பின்பக்கம் அப்படி மூன்றைப் பொருத்திப் பாருங்கள், அல்சா போன்ற பெரிய காரின் விலையும் பிள்ளைச் செலவில் சேர்ந்துவிடும். பிள்ளைக்கு 2,000 ரிங்கிட் வரி விலக்கு உண்டே என்பார்கள். அது வரி கணக்கிடும் வருமானத்தில் கழிக்கிற தொகை. கையில் வருகிற காசு இல்லை.

இருவர் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், இப்போதைக்குக் குறைந்த எண் பக்கம்தான் நான். பிறகு கூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று வேண்டும் என்கிற கணவர், தாஸ்கா படிவத்தில் முதல் தொடர்பு எண்ணாகத் தன்னுடையதை எழுதிக் கொடுக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வரும்போதெல்லாம் அவரே லீவு போட்டு ஒரு வருடம் ஓட்டட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.