“நோர்மல்தான் அக்கா”: யாழ்ப்பாணத்து ரிப்போர்ட்டும் கர்ப்பிணியின் தைரொயிட்டும்

யாழ்ப்பாணத்தில் இப்போது இரத்தப் பரிசோதனை செய்விப்பது அவ்வளவு லேசு. காலமை ஊசி குத்தினால் பின்னேரம் ரிப்போர்ட் கையில். லண்டனில் ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) ஒரு நாள், இரத்தம் எடுக்க இன்னொரு நாள், முடிவுக்கு மேலும் சில நாள் என்று காத்துக் கிடக்கிறவர்களுக்கு இதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் வலது பக்கம் அச்சடித்திருக்கும் ஒரு நிரலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

தங்கச்சியின் மகளுக்கு 14ஆவது கிழமை. கலியாணத்துக்கு முந்தியே ஹஷிமோட்டோ என்று கண்டுபிடித்து, நாளுக்கு 50 மைக்ரோகிராம் தைரொக்சின் (தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்) குளிசை எடுத்து வருகிறாள். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியைத் தாக்கி, அழற்சியால் அதை மெல்ல மெல்லத் தேய்க்கிற நோய் அது. ரவுணில் ஒரு தனியார் லாப்பில் ரி.எஸ்.எச். பார்த்ததில் 3.9. தைரொயிட்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹோர்மோன் இது, தைரொக்சின் குறைந்தால் இது கூடும். பக்கத்து நிரலில் ‘நோர்மல்’ எல்லை 0.4 முதல் 4.5 வரை. கவுண்டரில் இருந்த பிள்ளை தாளை நீட்டும்போதே “நோர்மல்தான் அக்கா, பயமில்லை” என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த எல்லை கர்ப்பமில்லாத வளர்ந்தவர்களுக்கு உரியது. தைரொக்சின் எடுக்கும் கர்ப்பிணிக்கு ரி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே வைத்தியர்கள் வைத்திருக்கும் இலக்கு. ஆகவே 3.9 என்றால் மருந்து போதவில்லை. லாப் படிவத்தில் பெயர், வயது, தொலைபேசி எண் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. கர்ப்பிணியா, எத்தனையாவது கிழமை, தைரொக்சின் எடுக்கிறாரா என்று கேட்க மட்டும் ஒரு வரி இல்லை. இவ்வளவு நல்ல மெஷினை இறக்கியவர்களுக்கு அந்த ஒரு வரியை அச்சடிப்பது பெரிய செலவா?

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், கருவில் உள்ள பிள்ளையின் தைரொயிட் 12ஆவது கிழமையளவில்தான் வேலையைத் தொடங்குகிறது. போதிய அளவு சுரக்க 18, 20 கிழமையாகிவிடும். அதுவரை பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைரொக்சின் தாயிடமிருந்தே போக வேண்டும். தாயின் தேவை 4 முதல் 6ஆவது கிழமையிலேயே கூடத் தொடங்கி, 16 முதல் 20ஆவது கிழமை வரை ஏறிக்கொண்டே போகும். நல்ல சுரப்பி தானாகக் கூட்டிக் கொடுக்கும், தேய்ந்த சுரப்பியால் முடியாது. அதனால்தான் ஏற்கெனவே தைரொக்சின் எடுப்பவர்களுக்கு, கர்ப்பம் உறுதியானவுடன் கிழமைக்கு 7 குளிசையை 9 ஆக்குங்கள் என்று பல வைத்தியர்கள் முற்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். இவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பிறகு கர்ப்பத்தின் பாதி வரை நாலு கிழமைக்கு ஒருமுறையும், 30ஆவது கிழமையளவில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், தாய்க்கு உயர் இரத்த அழுத்தம் எல்லாம் வரலாம்.

அதே நிரல் மற்றப் பக்கமும் ஏமாற்றும். முதல் மூன்று மாதத்தில் கர்ப்ப ஹோர்மோனான எச்.சி.ஜி. தைரொயிட்டையும் தூண்டுவதால் ரி.எஸ்.எச். இயல்பாகவே இறங்கும். 10ஆவது கிழமையில் 0.2 வந்தால் ரிப்போர்ட்டில் ‘குறைவு’ என்று அடையாளம் போட்டிருக்கும், வீடே பதறும். வாந்தி கடுமையாக இருப்பவர்களிடமும் இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களிடமும் இது இன்னும் இறங்கும். பெரும்பாலும் மருந்தில்லாமலே சரியாகிவிடும். உண்மையான கிரேவ்ஸ் நோயா (தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) என்று பிரித்தறிய வைத்தியர் தைரொக்சின் அளவையும் அதற்குரிய எதிருடலையும் பார்ப்பார். அந்தக் கூடுதல் சுரப்பை அடக்கும் காபிமசோல் எடுப்பவர் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அந்த மருந்து பிள்ளையின் உறுப்புகள் உருவாவதைப் பாதிக்கலாம்.

இனி மனம் குளிர்ந்த விஷயம். பிழையைப் பிடித்தது எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊர் மிட்வைஃப். ஸ்கூட்டியை வாசலில் விட்டுவிட்டு வந்து, திண்ணையில் இருந்து கர்ப்பிணிப் பதிவேட்டை விரித்து, ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: “பிள்ளை, தைரொக்சினை என்ன நேரம் போடுறனீங்கள், அதோட வேற என்ன போடுறனீங்கள்?” காலமை எல்லாக் குளிசையையும் ஒன்றாகப் போட்டு, தேத்தண்ணியும் குடிப்பதாகப் பதில். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்தும் கல்சியமும், கனடாவிலிருந்து வந்த விற்றமின் குளிசையும் அதில் அடக்கம். இரும்பும் கல்சியமும் குடலில் தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைரொக்சின், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சாப்பாடு, நாலு மணி நேரம் கழித்தே மற்றவை. இரும்பை இரவுக்குத் தள்ளுங்கள், கல்சியத்தோடு சேர்க்க வேண்டாம் என்று பதிவேட்டின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தார். அந்தக் கிழமைக்குள் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கும் கடிதம் தந்தார். லண்டனில் பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகுதான் மிட்வைஃப் வீட்டுப் படியேறுவார். பிறக்க முதலே வீடு தேடி வந்து குளிசையை எண்ணுகிற ஆளை அங்கே நான் காணவில்லை.

வெளிநாட்டிலிருந்து சூட்கேஸ் கட்டுகிறவர்களும் கேளுங்கள். முடி கொட்டுதென்று நாங்கள் கொண்டு போய்க் கொடுக்கும் குளிசைகளில் பயோட்டின் என்ற விற்றமின் கூடுதலாக இருந்தால், சில மெஷின்களில் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். இரத்தம் எடுக்க இரண்டு நாள் முந்தியே நிறுத்த வேண்டும். கடற்பாசிக் குளிசை வேண்டவே வேண்டாம், அதில் அயடீன் எவ்வளவு என்று கணக்கே இருக்காது. கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயடீன் போதும். கறிக்கு அயடீன் உப்பையே போடச் சொல்லுங்கள்.

பாமசியில் தைரொக்சினைப் போத்தலிலிருந்து எண்ணிக் கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்தக் குளிசையின் வீரியத்தைக் குறைக்கும். 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லும் மருந்து, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் குசினி யன்னலோரம் கிடக்கிறது. அட்டையோடு கேட்டு வாங்குங்கள், ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள், வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் வையுங்கள்.

பிள்ளை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறாவது கிழமையில் திரும்பவும் ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ஹஷிமோட்டோ இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள் தைரொயிட் அழற்சி வரலாம்: முதலில் படபடப்பும் மெலிவும், பிறகு களைப்பும் மனச்சோர்வும். அதைப் ‘பிள்ளைப்பெத்த உடம்பு’ என்று விட்டுவிடாமல் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.